சாங்கி விமான நிலையம்: உள்ளேயா, வெளியேயா? கேள்வி பதில்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பயணிகள் சேவைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ஊரிலிருந்து வருகிறவர்களும் வழியில் விமானம் மாறுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இமிகிரேஷனுக்கு உள்ளேயே இருக்கப் போகிறீர்களா, தாண்டி வெளியே வரப் போகிறீர்களா? உள்ளே என்றால் ட்ரான்சிட் பகுதி. வெளியே என்றால் சிங்கப்பூருக்குள் நுழைந்துவிட்டீர்கள். விசா, சுங்கம் எல்லாம் உங்களுக்குப் பொருந்தும். இது தெளிவானால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): மகளைப் பார்க்க சிட்னி போகிறோம். சாங்கியில் 8 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட். எல்லோரும் சொல்கிற அந்த உள்ளரங்க அருவியைப் பார்க்க முடியுமா சார்?

முடியும். அருவி இருக்கும் ஜுவல் கட்டடம் இமிகிரேஷனுக்கு வெளியே இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேறொரு நாட்டுக்குப் போகிற, அல்லது அங்கிருந்து திரும்புகிற இந்தியர்களுக்கு 96 மணி நேர விசா இல்லா ட்ரான்சிட் வசதி உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டும் வேண்டும். இன்னும் சில நிபந்தனைகள் உண்டு, அவற்றை ஐசிஏ எனப்படும் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். இது சலுகைதான். உள்ளே விடுவதா இல்லையா என்பது அங்கே நிற்கும் அதிகாரியின் முடிவு.

வெளியே வந்தால் ஜுவல் டெர்மினல் 1-ஐ ஒட்டியே இருக்கிறது. 2, 3-லிருந்து இணைப்புப் பாலத்தில் நடந்து வரலாம். அருவியின் உயரம் 40 மீட்டர். உலகின் மிக உயரமான உள்ளரங்க அருவி என்று பெயர். கட்டடத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி, 2019-ல் திறந்தார்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: தண்ணீர் நாள் முழுக்க விழாது. காலை பத்து, பதினோரு மணி வாக்கில் தொடங்கி இரவு நிறுத்திவிடுவார்கள். ஊரிலிருந்து இரவு விமானத்தில் வந்து விடியற்காலை 6 மணிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் கண்ணாடிக் கூரைதான் தெரியும்.

விசா ஏதாவது சிக்கலானாலும் மனசு விட வேண்டாம். டெர்மினல் 2-க்கும் 3-க்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜுவலுக்குள் புகுந்துதான் போகிறது. ட்ரான்சிட் பயணிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. அதில் ஏறி ஜன்னலோரம் நின்றால் அருவி தெரியும். சில நொடிகள்தான், ஆனாலும் தெரியும். கட்டணம் கிடையாது, திரும்பவும் ஏறிக்கொள்ளலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, கொழும்பிலிருந்து மெல்பேர்ண் போகிறோம். இடையில 9 மணித்தியாலம் நிற்க வேணும். இலங்கைப் பாஸ்போர்ட். என்ன செய்யலாம்?

உங்களுக்கு இன்னும் சுலபம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூரில் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருக்கும் ட்ரான்சிட் பயணிகளுக்கு விமான நிலையமே இலவசச் சுற்றுலா நடத்துகிறது. சுமார் இரண்டரை மணி நேரம், பேருந்தில் வழிகாட்டியோடு கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். பதிவு செய்யும் இடம் ட்ரான்சிட் பகுதிக்குள் இருக்கிறது. அவசரப்பட்டு இமிகிரேஷனைத் தாண்டிவிடாதீர்கள். கொழும்பில் பெட்டியைப் போடும்போதே மெல்பேர்ண் வரைக்கும் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): அப்பா அம்மா முதல் தடவையாக விமானத்தில் ஏறுகிறார்கள், தனியாக. ஆங்கிலம் தெரியாது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. இப்படி வருகிறவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். சிக்கல் வருவது பெரும்பாலும் கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்யாமல் விட்ட வேலையால்தான்.

முதல் வேலை, எஸ்ஜி வருகை அட்டை (SG Arrival Card). வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் ஐசிஏ தளத்திலோ அதன் செயலியிலோ நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். தேடலில் மேலே வந்து நின்று பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, அந்தப் பக்கமே போகாதீர்கள். வருகை அட்டையில் கேட்கும் மின்னஞ்சல் முகவரிக்கு நீங்களோ அண்ணனோ தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலில்தான் வருகிறது. அதை யாரும் திறந்து பார்க்காமல், தேதி தாண்டிய பிறகு முழிக்கும் குடும்பங்கள் உண்டு. இந்த அட்டை விசா இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். விசா தனி, அதை அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

இரண்டாவது, சக்கர நாற்காலி. நடக்க முடிகிறவர்களாக இருந்தாலும் வயதானவர்கள் என்றால் டிக்கெட் எடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமான வாசலில் ஒருவர் வந்து நிற்பார். இமிகிரேஷன், பெட்டி எடுக்கும் இடம் எல்லாம் கூட்டிப்போய் வெளியே கொண்டுவந்து விடுவார். உதவி கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ளும் அப்பாக்கள் உண்டு. அவர்களிடம், "அம்மாவுக்காகத்தான்" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒரு தாள். அதில் அண்ணனின் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி, விமான எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். கைப்பேசியில் இருந்தால் போதாது, சார்ஜ் தீர்ந்துவிடும்.

அண்ணன் வருகைக் கூடத்தில் நின்றால் பெட்டி சுற்றும் இடம் கண்ணாடி வழியே தெரியும். அவர்கள் வந்துவிட்டதை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், இங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. "தம்பி, தமிழ் தெரியுமா?" என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): வேலைக்கு வருகிறேன். பெட்டியில் எதை வைக்கக் கூடாது?

தம்பி, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். குட்கா, ஹான்ஸ், கைனி போன்ற மெல்லும் புகையிலை எல்லாம் தடை. சூயிங்கம் தடை. மின்சிகரெட் தடை, அதுவும் இப்போது மிகக் கடுமையாகப் பிடிக்கிறார்கள். சாதாரண சிகரெட்டுக்கு வரிவிலக்கு ஒன்றுகூடக் கிடையாது. கொண்டுவந்தால் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். அம்மா குருமாவுக்கென்று மடித்துக் கொடுக்கும் கசகசாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிவிடும். தூக்க மாத்திரை, சிலவகை வலி மாத்திரைகளுக்கு முன் அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் போதாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அடுத்தவர் பார்சல். "எங்க அண்ணனிடம் கொடுத்துடுங்க, ஊறுகாய்தான்" என்று சென்னையிலோ திருச்சியிலோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். எடுத்தெறிந்து பேசியதாக நினைத்தாலும் பரவாயில்லை. இந்த நாட்டில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை இருக்கிறது. உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி (சென்னை): இரவு 11-க்கு இறங்கி, காலை 7-க்கு அடுத்த விமானம். ஹோட்டல் போடணுமா?

ஒரே டிக்கெட், பெட்டி நேராகப் போகிறது என்றால் உள்ளேயே இருங்கள். டெர்மினல் 1, 2, 3 மூன்றிலும் சாய்ந்து படுக்கும் இருக்கைகளோடு ஓய்விடங்கள் இருக்கின்றன, இலவசம். கால் பிடித்துவிடும் இயந்திரங்களும் இலவசம். குழந்தைகளோடு வந்தால் ட்ரான்சிட்டுக்குள்ளேயே மணி நேரக் கணக்கில் வாடகைக்கு அறை கிடைக்கும், முன்பே பதிவு செய்யுங்கள். போர்வையோ சால்வையோ கைப்பையில் அவசியம், ஏசி எலும்பைத் துளைக்கும். இரவில் காவலர்கள் போர்டிங் பாஸ் கேட்பார்கள், எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். பின்னிரவில் சில மணி நேரம் ஸ்கைட்ரெயின் ஓடாது. எனவே அடுத்த விமானம் கிளம்பும் டெர்மினலுக்கு முதலிலேயே போய்விட்டு அங்கே படுப்பது நல்லது.

எந்த டெர்மினல் என்று தெரிய கேட் எழுத்தைப் பாருங்கள். ஏ, பி என்றால் 3. சி, டி என்றால் 1. ஈ, எஃப் என்றால் 2. ஜி என்றால் 4. முதல் மூன்றும் உள்ளுக்குள்ளேயே இணைந்தவை. 4 தனியாக இருக்கிறது, பேருந்தில்தான் போக வேண்டும். அதற்குக் கூடுதல் நேரம் வையுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்துவிட்டேன். திருச்சி–சிங்கப்பூர் ஒன்று, சிங்கப்பூர்–பாலி இன்னொன்று. சிங்கப்பூர் விசா இல்லை.

உடனே இரண்டு நிறுவனங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி சாங்கியோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். அதை எடுக்க இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும், தாண்ட விசா வேண்டும். இதை திருச்சி கவுண்டரிலேயே கேட்பார்கள், ஏற்றாமல் நிறுத்தவும் செய்வார்கள். கைப்பை மட்டும், அடுத்த போர்டிங் பாஸும் கைப்பேசியில் இருக்கிறது என்றால் உள்ளேயே மாறிக்கொள்ள முடியலாம். அதையும் நிறுவனத்திடம் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். இல்லையென்றால் விசா எடுத்துவிடுங்கள்; மிச்சம் பிடித்த பணத்தைவிட விமானத்தை விட்டால் ஆகும் செலவு பெரிது.

கேள்வி (பெங்களூரு): பாதுகாப்புச் சோதனையே காணோமே, எங்கே நடக்கும்?

கேட் வாசலில். டெர்மினல் 1, 2, 3-ல் அப்படித்தான்; 4-ல் மட்டும் இமிகிரேஷனை ஒட்டி ஒரே இடத்தில். ஆகவே கேட்டுக்குள் நுழையும் முன் பாட்டிலைக் காலி செய்யுங்கள், கழிவறைக்கும் போய் வந்துவிடுங்கள். பல கேட்டுகளின் காத்திருப்பு அறைக்குள் கழிவறை கிடையாது.

கேள்வி (சிங்கப்பூர், செங்காங்): அம்மா ஊருக்குத் திரும்புகிறார். கேட் வரை கூடப் போய்விட்டு வர, ஒரு மலிவு டிக்கெட் எடுத்து உள்ளே நுழையலாமா அண்ணா?

வேண்டவே வேண்டாம். பறக்கும் எண்ணமில்லாமல் போர்டிங் பாஸைக் காட்டி ட்ரான்சிட்டுக்குள் போவது இங்கே குற்றம். 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. அம்மா மீதான பாசத்தால் செய்தேன் என்றால் காவலர் மனசு இளகலாம், சட்டம் இளகாது. சக்கர நாற்காலி உதவி கேளுங்கள், கேட் வரை அவர்கள் கொண்டுபோவார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் வந்து, டெர்மினல் 1 புறப்பாட்டுக் கூடத்தில் தொங்கும் செம்புநிற மழைத்துளிகளை அம்மாவுக்குக் காட்டுங்கள். மொத்தம் 1,216 துளிகள், ஒவ்வொன்றும் மெல்லிய கம்பியில் ஏறி இறங்கி, பட்டம் மாதிரியும் விமானம் மாதிரியும் உருவெடுத்துக் கலையும். என் கண்ணுக்கு அருவியைவிட இதுதான் அழகு.

கேள்வி (ஈரோடு): வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே?

சுற்றுலாப் பயணி என்றால் கிடைக்கும். இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இல்லை. பொருள் சேவை வரி 9 சதவீதம். வரித் திருப்பத் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்திருக்க வேண்டும். கட்டணம் பிடித்துக்கொள்வதால் முழு 9 சதவீதமும் கைக்கு வராது. பலரும் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்: பொருளைப் பெட்டியில் போட்டு முதலில் பெல்ட்டில் அனுப்பிவிடுவது. சுங்க அதிகாரி பொருளைப் பார்க்க வேண்டும் என்றால் காட்ட உங்களிடம் இருக்காது. செக்-இன் செய்யும் முன்பே வெளிக்கூடத்தில் இருக்கும் வரித் திருப்ப இயந்திரத்துக்குப் போங்கள்.

கேள்வி (மதுரை): இறங்கியதும் லிட்டில் இந்தியா போகணும். டாக்ஸியா, ரயிலா?

பகலில், பெட்டி குறைவு என்றால் ரயில். நிலையம் டெர்மினல் 2-க்கும் 3-க்கும் கீழே. எல்லோரும் தானா மேராவில் மாறச் சொல்வார்கள். நீங்கள் அதற்கு முன்பே, விமான நிலையத்துக்கு அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவிலேயே இறங்கி நீலநிற டௌன்டவுன் தடத்தில் ஏறுங்கள், லிட்டில் இந்தியாவிலேயே நேராக இறக்கிவிடும். தனி டிக்கெட் வாங்க வேண்டாம், விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை வாசலில் தட்டினாலே போதும். ஒருவருக்கு ஒரு அட்டை. ஒரே அட்டையில் நாலு பேர் நுழைய முடியாது. பணம் மாற்றுவதையும் செலவுக்கு வேண்டிய அளவு மட்டும் இங்கே மாற்றிக்கொண்டு, மீதியை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் மாற்றுங்கள், விலை நன்றாக இருக்கும்.

இரவு 11 மணியை ஒட்டி இறங்கினால் ரயிலை நம்ப வேண்டாம். நான்கு பேர் என்றால் எந்த நேரமும் டாக்ஸிதான் வசதி. மீட்டருக்கு மேல் விமான நிலையக் கூடுதல் கட்டணம் உண்டு, நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டரில் பாதி சேரும். வரிசையில் நின்று ஏறுங்கள். வருகைக் கூடத்தில் பக்கத்தில் வந்து "வண்டி வேணுமா" என்று கேட்பவரோடு போகாதீர்கள்.