டாலம் வம்சம் எங்க போச்சு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்து சர்ச்சுகள்ல இருந்த பழைய பைப் ஆர்கன் (குழாய்கள்ல காத்து அனுப்பி வாசிக்கிற பெரிய இசைக்கருவி) பத்தி படிச்சா 1600கள்ல செஞ்சவங்க பேரு டாலம், டாலம்னு ஒரே பேரா வருது. கொஞ்ச காலத்துல அந்தப் பேரையே காணோம். தொழில விட்டுட்டாங்களா?

பதில்: விடவே இல்லைங்க. மூணு தலைமுறை, ரெண்டு நாடு, நடுவுல ஒரு உள்நாட்டுப் போர், அத்தனைக்கும் தாக்குப்பிடிச்ச குடும்பம் அது.

முதல்ல தாமஸ் டாலம், லங்காஷயர் பக்கத்து ஆளு. 1599ல எலிசபெத் ராணி பேர்ல துருக்கி சுல்தான் மூணாம் மெஹ்மதுக்கு ஒரு பரிசு போச்சு, தானாவே வாசிக்கிற கடிகார ஆர்கன், அதோட உச்சியில ஒரு செடி, பாட்டு முடிஞ்சா அதுல இருக்கற பறவைங்க எல்லாம் பாடிக்கிட்டே சிறகடிக்கும். அதச் செஞ்ச தாமஸே ஹெக்டர்ங்கற கப்பல்ல அதக் கொண்டு போனாரு. மாசக்கணக்கா கடல்ல போய் இஸ்தான்புல்ல பெட்டியத் திறந்தா ஒட்டுன பசையெல்லாம் விட்டுப்போச்சு, உலோகக் குழாய் எல்லாம் நசுங்கிக் கிடக்குது! மனுஷன் அசரல, கூட வந்தவங்கள வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் சரி பண்ணி சுல்தான் முன்னாடியே உக்காந்து வாசிச்சும் காட்டிட்டாரு. இங்கேயே இருந்துடுன்னு கேட்டப்போ, ஊர்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கன்னு ஒரு பொய்யச் சொல்லித் தப்பிச்சாரு, அதையும் அவரே டைரில எழுதி வெச்சிருக்காரு. அந்த டைரி இப்பவும் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. திரும்பி வந்து 1605-06ல கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ்க்கு ஆர்கன் செஞ்சாரு.

அடுத்து மகன் ராபர்ட். யார்க் மின்ஸ்டர் மாதிரி பெரிய பெரிய வேலையெல்லாம் இவர்கிட்டதான் வந்துச்சு. ஆனா இவர் கத்தோலிக்கர், இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் நாடு, காலமும் சரியில்ல. 1642ல ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் உள்நாட்டுப் போர் வந்ததும் குடும்பத்தோட பிரான்ஸ்ல இருக்கற பிரிட்டனிங்கற பகுதிக்குப் போயிட்டாரு, 1644ல பார்லிமென்ட் சர்ச்சுல ஆர்கனே இருக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. இங்கேயே இருந்திருந்தா கையில இருந்த வித்தைக்கு சோறு கிடைச்சிருக்காது. அங்க போயும் ஆர்கன்தான் செஞ்சாரு. போருக்கப்புறம் ஒழிஞ்சிருந்த ராஜா ஆட்சி 1660ல திரும்ப வந்ததும் இவரும் வந்தாரு, 1665ல ஆக்ஸ்ஃபோர்டுல இறந்து நியூ காலேஜ்லயே அடக்கம் ஆனாரு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ராபர்ட்டோட மகன்கள்ல பிரிட்டனி பகுதியிலயே தங்கிட்டவங்க அங்க ஆர்கன் செஞ்சாங்க, அங்க கிமிலியோங்கற ஊர் சர்ச்சு ஆர்கன், தாத்தா பேரையே வெச்சிருந்த ராபர்ட் மகன் தாமஸோட கைவேலை. இங்கிலாந்துல தொழில் நிலைச்சது ராபர்ட்டோட மகள் வழியில. அவங்கள கட்டிக்கிட்டவர் தாமஸ் ஹாரிஸ், அவரும் ஆர்கன் செய்றவர்தான். அவங்க பையன் ரெனாட்டஸ் ஹாரிஸ் பிரான்ஸ்ல அந்த பிரிட்டனி பகுதியில பொறந்தவர், இங்கிலாந்துல பெரிய ஆளா ஆனாரு. 1680கள்ல லண்டன் டெம்பிள் சர்ச்சுல பெர்னார்ட் ஸ்மித்ங்கற இன்னொரு ஆர்கன் செய்றவரும் இவரும், யாரோடத வெச்சுக்கறதுன்னு ஆளுக்கு ஒரு ஆர்கன் நிறுத்தி வருஷக்கணக்கா போட்டி போட்டாங்க, ஸ்மித்துக்காக இசையமைப்பாளர் பர்செல் வாசிச்சாரு, 1688ல ஸ்மித் ஜெயிச்சாரு. தோத்தாலும் ஹாரிஸுக்கு வேலைக்குப் பஞ்சமே வரல. அப்பா பேரை மட்டும் புடிச்சுக்கிட்டு வம்சம் தேடினா இந்த மாதிரி பாதியில அறுந்த மாதிரிதான் தெரியும், பொண்ணு யாரக் கட்டிக்கிட்டாங்கன்னு பாருங்க, அதுவும் கைத்தொழில் குடும்பம்னா கட்டாயம் பாருங்க.

கேள்வி: டாலம் செஞ்சது எதையாவது இப்பவும் பாக்க முடியுமா?

பதில்: தாராளமா. பிரான்ஸோட பிரிட்டனி பகுதியில லான்வெலெக் சர்ச்சுல ராபர்ட் செஞ்ச 1653 ஆர்கன் இப்பவும் வாசிக்கிற நிலைமையில இருக்கு, ஒண்ணுதான் கேக்க முடியும்னா நான் அதைத்தான் சொல்வேன். இங்கிலாந்துலன்னா டூக்ஸ்பரி அபேல இருக்கற மில்டன் ஆர்கனப் பாருங்க. ஆக்ஸ்ஃபோர்டு மாட்லின் காலேஜ்ல இருந்தத, ராஜா இல்லாத காலத்துல நாட்ட ஆண்ட க்ராம்வெல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கொண்டு போயிட்டாரு, 1660க்கு அப்புறம் காலேஜுக்கே திரும்பி வந்து, 1737ல டூக்ஸ்பரிக்கு வந்துச்சு. உள்ள இருக்கறதெல்லாம் பல தடவ மாத்தியாச்சு, முன்னாடி தெரியுற பழைய குழாய்கள மட்டும் விட்டுடாம பாருங்க.