ரோட்ல கிடந்தா யாருக்குச் சொந்தம்? யூதச் சட்டத்துல கேளுங்க, சொல்றேன்

கேள்வி: கீழ கிடக்குற காசு எடுத்தவனுக்கேனு யூதச் சட்டம் சொல்லுதாமே, நெஜமா சார்?

பாதி நெஜம். சிதறிக் கிடக்குற சில்லறைனா எடுத்தவருக்குத்தான், ஆனா பர்ஸோட கிடந்தாலோ மூணு காசு ஒண்ணு மேல ஒண்ணா இருந்தாலோ அறிவிச்சே ஆகணும். மிஷ்னானு யூதங்களோட பழைய சட்டத் தொகுப்பு, அதுல பாபா மெட்சியாங்கிற பகுதியோட ரெண்டாம் அதிகாரம் முழுக்க இந்தப் பஞ்சாயத்துதான். பாக்குறது ரெண்டு விஷயம்: பொருளுக்கு அடையாளம் இருக்கா, தொலைச்சவர் 'சரி போச்சு'னு மனச விட்டுட்டாரா. இந்த மனச விடுறதுக்கு 'யெயூஷ்'னு பேரு. சில்லறை ஏன் எடுத்தவருக்குனா, மனுஷன் அடிக்கடி மடியத் தொட்டுப் பாத்துக்குவான், அதனால விழுந்தது இந்நேரம் தெரிஞ்சு ஆசைய விட்டிருப்பான்னு மிஷ்னாவுக்கு விளக்கமா வந்த தல்மூத் சொல்லுது. எனக்கு ரொம்பப் புடிச்ச லாஜிக் இது.

கேள்வி: தொலைஞ்சதே அவருக்கு இன்னும் தெரியலைனா?

ஆஹா, இதுதான் பெரிய சண்டை. அபாயே, ராவானு பாபிலோன்ல ரெண்டு அறிஞர்கள். பின்னாடி தெரிஞ்சா எப்படியும் விட்டுருவார், அதனால இப்பவே விட்ட மாதிரிதான்னு ராவா சொல்றார். தெரியாத ஒண்ண எப்படிய்யா விட முடியும்னு அபாயே. இவங்க மோதுற எடத்துல எல்லாம் வழக்கமா ராவாதான் ஜெயிப்பார், அபாயே ஜெயிச்சது ஆறே எடம், அதுல இது ஒண்ணு.

கேள்வி: அண்ணா, எங்க அறிவிப்பாங்க? எவனாச்சும் பொய் சொல்லி வாங்கிட்டா?

எருசலேம்ல யூதக் கோயில் இருந்த காலத்துல வருஷத்துல மூணு திருவிழாவுக்கும் ஜனங்க அங்க வருவாங்கல்ல, அங்க இதுக்குனே ஒரு கல் இருந்துச்சு, எடுத்தவர் அங்க நின்னு கூவுவார், தொலைச்சவர் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்குவார். கோயில் இடிஞ்சப்புறம் ஜெப ஆலயத்துல. ஏமாத்துறவங்க பெருகினதும் 'இவன் பித்தலாட்டக்காரன் இல்ல'னு சாட்சி கொண்டு வரச் சொன்னாங்க.

கேள்வி: யாருமே வரலைனா யூஸ் பண்ணிக்கலாமா?

நீங்க ஓனர் இல்ல, காவல்காரர். புத்தகச் சுருள்னா முப்பது நாளைக்கு ஒரு தடவ பிரிச்சுப் படிக்கணும் (பூச்சி அரிக்கக் கூடாதுல்ல), ஆனா புதுப் பாடம் அதுல படிக்கக் கூடாது, ரொம்ப நேரம் பிரிச்சு வெச்சா கிழிஞ்சுரும். துணிய உதறி வைக்கணும். வேலை செஞ்சு சாப்பிடுற மாடு வேலை செஞ்சே சாப்பிடட்டும். தங்கப் பாத்திரமும் கண்ணாடிப் பாத்திரமும் மட்டும் எலியா தீர்க்கதரிசி (திரும்பி வருவார்னு யூதங்க நம்புறவர்) வர்ற வரைக்கும் தொடாத! சும்மா கிடந்தாலும் அதுங்க கெட்டுப் போகாதுல்ல.

கேள்வி: எனக்கு ஆகாதவனோட மாடுனா?

யாத்திராகமம் 23:4, அவன் மாட்டையும் ஓட்டிட்டுப் போய் விடணும். நாலஞ்சு தடவ திரும்பத் திரும்ப ஓடிப்போனாலும்தான்.

கேள்வி: யூதர் இல்லாதவங்க பொருளுக்கும் இதே ரூலா?

மழுப்பாம சொல்றேன், பழைய சட்டத்துல அது கட்டாயம் இல்ல. ஆனா நாம வெச்சுக்கிட்டா கடவுள் பேர் கெடும்னா குடுத்தே ஆகணும்னு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருக்கார். எருசலேம் தல்மூத்ல ஒரு கதை வரும். ஷிமோன் பென் ஷெத்தாக்னு ஒரு குரு சணல் வேலை பாத்து கஷ்டப்படுறார்னு சிஷ்யங்க ஒரு அரேபியர்கிட்ட கழுதை வாங்கிக் குடுத்தாங்க, பாத்தா அதுமேல ஒரு முத்து தொங்குது. இனிமே நீங்க உழைக்கவே வேணாம் குருவேனு குதிக்கிறாங்க. 'வித்தவருக்கு இது தெரியுமா?'னார். தெரியாதுனாங்க. 'போய்க் குடுத்துட்டு வாங்க.'