கேளுங்கள், சொல்கிறோம்: கிளினிக்கில் வைஃபை கொடுக்கலாமா?

கேள்வி: சிறிய கிளினிக் நடத்துகிறோம். டாக்டர் என் மனைவி, கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்கள் கேட்கிறார்களே என்று வைஃபை பாஸ்வேர்டை எழுதி ஹாலில் ஒட்டிவிட்டோம். பில்லிங், லேப் ரிப்போர்ட், சிசிடிவி எல்லாம் அதே இணைப்பில்தான் ஓடுகின்றன. வாராவாரம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார் மைத்துனர். அது போதுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மைத்துனர் பயப்படுவது நியாயம், சொல்லும் வைத்தியம்தான் சரியில்லை. வாராவாரம் மாற்றி வாராவாரம் சுவரில் ஒட்டினால் என்ன லாபம்? பாஸ்வேர்டு அங்கேயே தாராளமாக இருக்கட்டும், உள்ளே வந்த ஃபோன் உங்கள் பில்லிங் கணினியை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இப்போது முடியும்.

2022 நவம்பரில் சைபர் தாக்குதலில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை நாள்கணக்கில் கையால் எழுதினார்களே, அதற்கு அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம் நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்பதுதான். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. 2017 மே மாதம் இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளைப் படுத்திய, கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ், யாரும் எதையும் கிளிக் செய்யக் காத்திருக்கவில்லை, ஒரே நெட்வொர்க்கில் இருந்த, அப்டேட் போடாத விண்டோஸ் கணினிகளைத் தானே தேடிப் பிடித்தது. உங்கள் ஸ்கேன் அறைக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதா? 2020 ஜனவரியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. மெஷின் கம்பெனிக்காரர் "மாற்றாதீங்க சார், சாஃப்ட்வேர் ஓடாது" என்பார், அதுவும் பல நேரம் உண்மைதான். மாற்ற முடியாத கணினி என்றால் அதை ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களின் ஃபோன்களோடு சேர்த்து வைக்கவே கூடாது.

சரி, என்ன செய்வது? ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' (விருந்தினருக்கான தனி வைஃபை) என்ற வசதி இருந்தால் அதை இயக்குங்கள், உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். ஃபைபர் கம்பெனி தந்த பெட்டியில் இரண்டாவது வைஃபை பெயர் வைத்தாலே பிரிந்துவிட்டது என்று நம்ப வேண்டாம், பல பெட்டிகளில் இரண்டு பெயரும் ஒரே இடத்துக்குத்தான் போகும். விருந்தினர் வைஃபையில் உங்கள் ஃபோனை இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று (அல்லது உங்கள் ரவுட்டரின் முகவரி எதுவோ அதை) அடித்துப் பாருங்கள், அப்புறம் பிரிண்டரின் முகவரியையும் சிசிடிவி பெட்டியின் முகவரியையும். ஏதாவது ஒன்று திறந்தாலும் பிரியவில்லை.

ரவுட்டரின் சொந்த பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், பாஸ்வேர்டு அடிக்காமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் பட்டனையும் அணையுங்கள். ஹால் டிவிக்குப் பின்னால் சும்மா இருக்கும் லேன் சாக்கெட்டையும் பாருங்கள், அதில் ஒயரைச் செருகினால் பாஸ்வேர்டே தேவையில்லை. ஊழியர்களின் சொந்த ஃபோன்களும் விருந்தினர் பக்கம்தான். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: எங்கள் பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்கென்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, பழைய ரவுட்டரிலிருந்து ஒயர் இழுத்து மாட்டிவிட்டோம். இது போதும்தானே?
– ஒரு வாசகி, தேனி

பதில்: போதாது, தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் (உங்கள் புது) ரவுட்டரின் பின்னால் இருப்பவர் வெளி (பழைய) ரவுட்டரில் இருக்கும் கணினிகளைப் பொதுவாக எட்டிவிடலாம், எதிர்ப்பக்கம்தான் அடைபடும். ஆகவே அலுவலகக் கணினிகளைப் புது ரவுட்டருக்கு மாற்றுங்கள், நோயாளிகள் பழையதிலேயே இருக்கட்டும். என்னைக் கேட்டால் இந்தத் தலைவலியே வேண்டாம் என்பேன். ஹாலுக்கென்று தனியாக ஒரு மலிவான பிராட்பேண்ட் இணைப்பு வாங்கிவிடுங்கள், மாதம் சில நூறு ரூபாய்தான், குழந்தைகள் யூடியூப் பார்த்தாலும் உங்கள் பில்லிங் தடைபடாது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவைக் காக்கத் தவறியதற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பல் கிளினிக்கிடம் யாரும் அவ்வளவு கேட்கப் போவதில்லை, ஆனாலும் நோயாளியின் எக்ஸ்ரே உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வைஃபையில் யாரோ தப்பான மெயில் அனுப்பினால் போலீஸ் எங்களிடமா வரும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் உங்களிடம்தான் வரும். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பு மெயில் நவி மும்பையில் பாஸ்வேர்டு இல்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது, போலீஸ் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். திறந்த வைஃபை வேண்டவே வேண்டாம். கூட்டம் அதிகம் வரும் இடம் என்றால், மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்டு உள்ளே விடும் ஹாட்ஸ்பாட் சேவை கிடைக்குமா என்று இணைய நிறுவனத்திடம் கேளுங்கள், யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு இருக்கும்.

கேள்வி: ஆஸ்பத்திரி வைஃபையில் ஜிபே பண்ணலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: பண்ணலாம், பணம் அனுப்பும் ஆப்கள் தகவலை வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன. வைஃபையில் நுழைய ஓடிபி கேட்டால் சகஜம், யுபிஐ பின்னோ ஆதார் எண்ணோ கேட்டால் வைஃபையை அணைத்துவிட்டு ரிசப்ஷனில் சொல்லுங்கள்.