கோவை கம்பெனி வேலையை விட்டு நீலகிரி டீ ஃபேக்டரிக்கு மாறலாமா?

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து கோவையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாயிற்று, மனம் ஒட்டவில்லை, ஊருக்கே வந்து டீ ஃபேக்டரி மாதிரி வேறு துறைக்குப் போனால் படித்தது வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீணாகாது. நானும் அதே வழியில் வந்தவன்தான். கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனையில் இருந்தேன். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் இருக்கிறேன். இங்கே இலையை அரைக்கும் சிடிசி மெஷினில் பல் வெட்டிய இரண்டு ரோலர்கள் நெருங்கிச் சுழலும். ஒன்று மெதுவாக, மற்றது ஏறக்குறைய 10 மடங்கு வேகத்தில். அதற்குள் போய்த்தான் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. பல் மழுங்கினால் தூளின் தரம் கெடும், குன்னூர் ஏலத்தில் விலையும் இறங்கும். அதனால் ரோலரைக் கழற்றி மறுபடி பல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு பிசகாமல் வேலை பார்க்கத் தெரிந்த ஆளுக்கு அங்கே நல்ல மதிப்பு. தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாத என்னை எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான். குந்தா, பைக்காரா மின்நிலையங்களிலும் மெக்கானிக்கல் ஆட்களுக்கு வேலை உண்டு, ஆனால் அரசுத் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ராஜினாமா கொடுக்கும் முன் லீவு போட்டு வந்து, இலை அதிகம் வரும் மாதத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஃபேக்டரியில் நின்று பாருங்கள். மதியமும் சாயங்காலமும் வந்திறங்கும் இலை 12 மணி நேரத்துக்கு மேல் வாட வேண்டும். ஆகவே அரவை நடுராத்திரியிலோ விடியற்காலையிலோதான் தொடங்கும். மழைக்காலத்தில் நனைந்த இலை லேசில் வாடாது, எல்லாமே தள்ளிப்போகும். அந்த ராத்திரியைப் பார்த்த பிறகும் இங்கே வரத் தோன்றினால் தைரியமாக வாருங்கள்.

சம்பளம் முதலில் குறையும். கோவை ரூம் வாடகையும் மெஸ் செலவும் மிச்சமாவதால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அப்புறம் பிஎஃப். வேலை மாறும்போது பலர் அதை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். 5 வருடத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் பொதுவாக அது வரிக்கணக்கில் வரும். யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) வழியாகப் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய சேவையும் சேரும். ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 வருடக் கணக்கிலும் அது வரும். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் கையில் வாங்கிய பிறகு கிளம்புங்கள்.