விருந்து மண்டபத்தில் யாருக்கும் தெரியாமல் மந்திரம் போட முடியுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டை விளையாடுகிறோம், 2014 விதிகள்தான். என் பாத்திரம் 4ஆம் லெவல் ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரவாதி. ஆளுநர் வீட்டு விருந்தில் "மந்திரத்தை மெதுவாக முணுமுணுக்கிறேன்" என்றேன், ஆட்டத்தை நடத்தும் டி.எம். ஒத்துக்கொள்ளவில்லை. ட்ரூயிட்டுக்கான மறைப்புத் திறன் உள்ள பி.டி.எப். தொகுப்பு இருக்கிறது, 1500 ரூபாய் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி.

டி.எம். சொன்னது சரி. மந்திரச் சொல்லுக்குக் குறிப்பிட்ட சுருதியும் அதிர்வும் வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. முணுமுணுத்தால் பலிக்காது. மந்திரம் கேட்கும் சொல், கையசைவு, பொருள் மூன்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்தில் நிற்பவர் கண்டுகொள்வார்.

ட்ரூயிட்டுக்கென்றே உள்ள மறைப்பு 20ஆம் லெவலில்தான் வருகிறது, ஆர்ச்ட்ரூயிட் என்ற பெயரில். நான் நடத்திய எந்தக் கதையும் அவ்வளவு தூரம் போனதில்லை. உங்களுக்கு வழி, 2020இல் வந்த துணைநூலில் உள்ள மெட்டாமேஜிக் அடெப்ட் என்ற சிறப்புத் திறன். 4ஆம் லெவலில் பண்புப் புள்ளிகளைக் கூட்டுவதற்குப் பதிலாக, டி.எம். சம்மதித்தால், இதை எடுக்கலாம். அதில் மந்திரத்தை மறைத்துப் போட உதவும் சட்டில் ஸ்பெல்லைத் தெரிவு செய்யுங்கள். இதற்கென இரண்டு புள்ளி கிடைக்கும், ஒரு மறைப்புக்கு ஒன்று போகும். நீண்ட ஓய்வு எடுத்தால்தான் திரும்ப வரும்.

இனி எல்லோரும் சறுக்கும் இடம். சட்டில் ஸ்பெல் சொல்லையும் கையசைவையும்தான் நீக்கும், பொருளை நீக்காது. தடம் தெரியாமல் நடமாட வைக்கும் பாஸ் விதவுட் ட்ரேஸ் மந்திரத்துக்கு எரித்த புல்லுருவி இலையின் சாம்பல் வேண்டும். அதற்குப் பதிலாகக் கைத்தடியைப் பிடித்தாலும் அதுவும் பொருள்தான், காவலாளி பார்ப்பான். விலங்கை நட்பாக்கும் அனிமல் ஃப்ரெண்ட்ஷிப்புக்கு ஒரு வாய் உணவு போதும். விருந்து மேசையில் கையில் சோற்றுடன் இருப்பவரை யார் சந்தேகிப்பார்? நானாக இருந்தால் விடுவேன், ஆனால் உங்கள் டி.எம்.மிடம் முதலே கேட்டுவிடுங்கள். 2024இன் புதிய விதிகளிலோ, சட்டில் ஸ்பெல் போட்டால் விலை குறிப்பிடாத, செலவாகிவிடாத பொருளும் தேவையில்லை. ஒரே பெயர், இரண்டு விதி! பெயரையாவது மாற்றித் தொலைத்திருக்கலாம்.

இந்தக் குழப்பத்தில்தான் தொகுப்பு விற்பவர்கள் பிழைக்கிறார்கள். நானும் ஒருமுறை வாங்கினேன். 2014, 2024, யாரோ வீட்டில் எழுதியது எல்லாம் ஒரே எழுத்துருவில், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பே இல்லாமல் கிடந்தன. பத்து வருடம் சேர்ந்து விளையாடிய இரண்டு பேர் அதனால் முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் வெளியீட்டாளரே கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற பொது உரிமத்தில் இலவசமாகத் தந்துவிட்டார். சட்டில் ஸ்பெல்லும் ஆர்ச்ட்ரூயிட்டும் அதிலேயே இருக்கின்றன. அடெப்ட் மட்டும் இல்லை. அதற்குத் துணைநூல் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள்.

விருந்துக்கு, ஆளை வசியம் செய்யும் சார்ம் பெர்சன் மந்திரத்தைக் கொண்டுபோங்கள். அதற்குப் பொருளே வேண்டாம். ஆனால் ஒன்று, அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான் நிற்கும். வசியம் செய்தது நீங்கள்தான் என்று அப்புறம் ஆளுநருக்குத் தெரிந்துவிடும். அதற்குள் மதிலுக்கு வெளியே இருங்கள்.