கண்ணை மூடினால் அலுவலகம் வந்துவிடுகிறது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் வங்கியில் பணியாற்றுகிறேன். சில வாரங்களாகக் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, பூஜை அறையில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்து வருகிறேன். மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. முந்தைய நாள் மேலாளர் கேட்ட கணக்கு, மகனின் டியூஷன் கட்டணம், ஃபிரிட்ஜில் இட்லி மாவு இருக்கிறதா என்பது வரை எல்லாம் வரிசையாக வருகின்றன. விரட்டப் பார்த்தால் இன்னும் அதிகமாகின்றன. உட்காருவதற்கு முன் இத்தனை எண்ணங்கள் இருந்ததாகவே நினைவில்லை. என் மனம் தியானத்துக்குத் தகுதியற்றதா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: தகுதி பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். மதயானையையும் வசப்படுத்தலாம், சிங்கத்தின் முதுகிலும் ஏறலாம், ஆனால் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று தாயுமானவரே பாடிவைத்திருக்கிறார். நங்கநல்லூரில் சில வாரங்களில் அது கைகூடவில்லை என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விரட்ட விரட்ட எண்ணங்கள் பெருகுகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பது மிகச் சரியான கவனிப்பு. 1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் மாணவர்கள் சிலரிடம், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைவு வந்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்தார்கள். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. பிறகு, இனி தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைக் காட்டிலும், முதலில் அடக்கிவைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஓர் எண்ணம் உள்ளே நுழையாமல் காவல் காக்க வேண்டுமானால், அது வருகிறதா என்று மனம் இடைவிடாமல் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தேடலே அதைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஐந்தரை மணிக்கு நீங்கள் செய்துகொண்டிருப்பதும் ஏறக்குறைய அந்தக் காவல் வேலைதான்.

உட்காருவதற்கு முன் எண்ணங்கள் இல்லை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 2010இல் வெளியான ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 2,250 பேரிடம் அன்றாட வேலைகளுக்கு நடுவே கைபேசி வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்தபோது, ஏறத்தாழ 47 சதவீத நேரம் அவர்களின் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறியது முதல் இறங்கும் வரை உங்களுக்குள்ளும் இதே கணக்கும் கட்டணமும்தான் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டமும் இரைச்சலும் கைபேசியும் சேர்ந்து அவற்றைக் காதில் விழாமல் செய்துவிடுகின்றன, அவ்வளவே.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூச்சு வெளியே போகும்போதெல்லாம் மனத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நான்காவது மூச்சில் கணக்கு நழுவும். டியூஷன் கட்டணத்தில் தொடங்கி, மகனின் கணக்கு மதிப்பெண்ணுக்குப் போய், அடுத்த வாரப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையிடம் என்ன பேசலாம் என்று வசனமே தயாராகிக்கொண்டிருக்கும் வேளையில், "அடடா, எங்கோ போய்விட்டோமே" என்று உறைக்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் பயிற்சி நடப்பதே அங்குதான். எமரி பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தியானப் பழக்கம் உள்ள 14 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்லி, மனம் அலைந்ததை உணர்ந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பழகியவர்களும் பொத்தானை அழுத்தத்தான் செய்தார்கள். அலைவது, அதை உணர்வது, மூச்சுக்குத் திரும்புவது, சிறிது நேரம் அங்கே நிற்பது, மறுபடி அலைவது என்ற சுழற்சியைத்தான் அந்த ஆய்வாளர்களும் விவரித்திருக்கிறார்கள்.

உணர்ந்த பிறகு உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். வந்தது எதுவோ அதற்கேற்பக் "கவலை", "திட்டம்", "பழைய நினைவு" என்று ஒரே முறை மனத்துக்குள் பெயரிட்டுவிட்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். வீண் எண்ணங்களை விட்டுவிடுவது எளிது. பயனுள்ள எண்ணங்கள்தாம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். மேலாளர் கேட்ட கணக்கில் பிழை எங்கே என்பது சரியாக அந்த நேரத்தில்தான் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனம் அதைத் தெரிந்துகொண்டு தாளை நிரப்புவதற்கென்றே யோசிக்கத் தொடங்கிவிடும். அன்றைய வேலைகளை உட்காருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். "இன்று நன்றாக அமைகிறது" என்று தோன்றுவதும் ஓர் எண்ணமே என்பதால், அதற்கும் ஒரு பெயர் கொடுத்துவிட்டு மூச்சுக்கே திரும்புங்கள்.

நேரம் பத்து நிமிடம் போதும். அலாரம் வைத்துவிட்டால் கடிகாரத்தைப் பார்க்கும் எண்ணமாவது குறையும். முதுகு வலித்தால் நாற்காலியில் உட்காரலாம். கீழே தண்ணீர் மோட்டார் ஓடினால் ஓடட்டும். அதற்காக எழுந்துபோய் ஜன்னலைச் சாத்த வேண்டாம்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார்ந்தால் எண்ணங்கள் விடுவதில்லை. பத்து நாள் விபாசனா முகாமுக்கு நேராகப் போய்விட்டால் அடங்கிவிடுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சென்னையை ஒட்டித் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபாசனா தியான மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முன்பு பயிற்சி முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் நாள்தோறும் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார வேண்டும், மற்றவர்களோடு பேசக் கூடாது, கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்று நாட்களும் மூச்சைக் கவனிப்பது மட்டுமே. பேச்சும் செய்தித்தாளும் இல்லாத அந்த நாட்களில் எண்ணங்கள் வீட்டில் வருவதைவிட உரக்கக் கேட்கும். அடங்கிவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டத் துடிப்பார்கள். வீட்டில் பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரம் அசையாமல் உட்காரப் பழகிய பிறகு விண்ணப்பியுங்கள். படிவத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பவற்றுக்கு எதையும் மறைக்காமல் பதில் எழுதுங்கள். மனநல மருந்தோ தூக்க மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் முகாமுக்காக அதை நீங்களாக நிறுத்திவிடாமல், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் உட்காரும்போதே பயமோ தாங்க முடியாத பழைய நினைவுகளோ தொடர்ந்து வருமானால், பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையின் இலவச எண்ணிலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.