ஷ்னாசர் இருக்கட்டும், மாமியாரைக் கேட்டீர்களா?

செல்லப் பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நாய்களுக்கு முடி திருத்திச் சீவிவிடும் ஒரு குரூமரின் பதில்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. இருவரும் மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வருவார்கள். அப்புறம் பாட்டு வகுப்பு, நீச்சல் என்று ஓட்டம்தான். மாமியார் எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலி, அதிகம் வெளியே போகமாட்டார். மகள் மினியேச்சர் ஷ்னாசர் வேண்டும் என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். சின்ன நாய், முடி கொட்டாது, குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களைப் போன்ற பரபரப்பான வீட்டுக்கு அது ஒத்துவருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மகளின் ஆசை இருக்கிறது, உங்கள் தயக்கம் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொன்னதெல்லாம் இருக்கிறது. மாமியார் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. எட்டரையிலிருந்து மூன்றரை வரை அந்த நாயோடு இருக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான். யாருக்காக வாங்கினாலும் நாய் கடைசியில் வீட்டில் இருப்பவருடைய நாயாகிவிடும். அதனால் முதலில் அவரைக் கேளுங்கள். 'உங்களுக்கும் துணையா இருக்கும் அத்தை' என்று இனிக்க இனிக்கக் கேட்காமல், என்னென்ன வேலை அவர் தலையில் விழும் என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

குட்டி என்றால் அந்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் வலியோடு இதைச் செய்ய முடியாது. மேலும் ஷ்னாசர் ஆளை ஒட்டியே திரிகிற நாய். அடுப்படிக்குப் போனால் அடுப்படி, குளியலறைக்குப் போனால் அதன் வாசல். நீங்கள் திரும்பும்போது சரியாகக் காலுக்குள் நிற்கும். நடையில் தடுமாற்றம் உள்ளவர்களுக்குப் பெரிய நாயைவிட இதுதான் பயம். பெரிய நாயாவது கண்ணில் படும்.

சின்ன நாய் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தோள் உயரம் 30 முதல் 36 சென்டிமீட்டர், எடை 5 முதல் 9 கிலோ. ஆனால் மடியில் படுத்துப் பொழுதைக் கழிப்பதற்காக வந்த ஜாதி இல்லை இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில், நடுத்தர அளவு ஷ்னாசரோடு அஃபென்பின்ஷர் போன்ற குட்டை நாய்களைச் சேர்த்து, பண்ணைகளில் எலி பிடிக்கவும் காவல் காக்கவும் உருவாக்கினார்கள். நாய் ஜாதிகளைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப், எலி போன்ற சிறு பிராணிகளை வேட்டையாடும் டெரியர் வகையில் இதை வைத்திருக்கிறது. அந்த மூளைக்கு வேலை கொடுக்காவிட்டால் தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். பெரும்பாலும் அது ஜன்னலோர உத்தியோகமாக இருக்கும். படிக்கட்டில் காலடிச் சத்தம், பக்கத்து வீட்டுக் கதவு, கூரியர் பையன், சுவரில் ஓடும் அணில் எல்லாவற்றையும் குரைத்து அறிவிக்கும். குரலும் உருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக இருக்கும். பகலில் சாய்ந்து படுக்கும் பழக்கம் மாமியாருக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது திருத்த முடியாத குணம் இல்லை. குரைத்து முடித்து வாயை மூடும் அந்த நொடியில் ஒரு தீனித்துண்டு, கூடவே ஒரே ஒரு சொல், 'போதும்'. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொன்னால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், புத்திசாலி நாய். ஆளுக்கொரு சொல் சொன்னால் யாரையும் மதிக்காது. காலையும் மாலையுமாகச் சேர்த்து ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப்போனால் பாதிக் குரைப்பு அதிலேயே அடங்கிவிடும்.

முடி கொட்டாது என்ற விஷயத்துக்கு வருகிறேன். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

ஷ்னாசருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே கம்பி போல முரட்டு முடி, அடியில் மெத்தென்ற முடி. மற்ற நாய்களிடமிருந்து சோபாவில் உதிர்கிற பழைய முடி இதன் உடம்பிலேயே தங்கிவிடும். பெருக்குகிற வேலை குறையும், சீவுகிற வேலை கூடும். என் மேசைக்கு வருகிற ஷ்னாசர்களுக்கு முதுகு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நான் அங்கே பார்ப்பதே இல்லை. முன்னங்கால் அக்குளில் விரலை விடுவேன். அப்புறம் காதுக்குப் பின்னால், தொடையின் உள்பக்கம், தாடிக்கு அடியில், கழுத்துப்பட்டை உரசுகிற இடம். சடை அங்கேதான் கட்டியிருக்கும். 'தினமும் பிரஷ் பண்றோமே' என்பார்கள். உண்மையாகவே பண்ணியிருப்பார்கள், ஆனால் பிரஷ் தோல்வரை போயிருக்காது. உலோகச் சீப்பை வேரிலிருந்து நுனிவரை எங்கும் மாட்டாமல் இழுக்க முடிந்தால்தான் சீவியதாகக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போதும். குளிப்பாட்டுவதற்கு முன்னால் கண்டிப்பாகச் சீவ வேண்டும். சிக்கோடு நனைத்தால் இறுகிப்போய் மழிப்பதைத் தவிர வழி இருக்காது. அப்படி மழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது முறைப்பு எனக்குத்தான் கிடைக்கும்.

5 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை முழு டிரிம் தேவை. மெஷின் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் முரட்டு முடி நாளடைவில் மென்மையாகும், நிறமும் மங்கும். கையால் பழைய முடியைப் பிடுங்கி எடுக்கும் ஸ்ட்ரிப்பிங் முறையில் அந்தக் கம்பித் தன்மையும் நிறமும் நிற்கும். நேரமும் செலவும் அதிகம், போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் அதைச் செய்வார்கள். வீட்டு நாய்க்கு மெஷின் போதும் என்பது என் கட்சி. எதுவானாலும் இது 12 முதல் 15 ஆண்டு வாழும் ஜாதி, டிரிம் செலவும் அத்தனை வருடம் ஓடும். இன்று கேட்கிற மகள் அதற்குள் மேற்படிப்பு, வேலை என்று வீட்டைவிட்டே போயிருக்கலாம்.

தாடி ஒரு தனி இலாகா. தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் வீடு முழுக்கச் சொட்டிக்கொண்டே நடக்கும். சோற்றுத் துணுக்கு தங்கினால் நாறும், அடியில் தோலும் சிவந்துபோகும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். இதை மகளிடம் ஒப்படைக்கலாம், ஒன்பது வயதில் செய்யக்கூடிய வேலைதான்.

மகன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். பிடித்து இழுக்கத் தோதாக முகத்தில் தாடியும் மீசையும் வைத்திருக்கிற நாய், எதிரே ஐந்து வயதுப் பையன். குழந்தைகளோடு பழகும் ஜாதிதான், ஆனாலும் அதன் பொறுமைக்கும் அளவு உண்டு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது, பெரியவர்கள் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடக்கூடாது. நாய் உறுமினால் பையனைத் தள்ளிக் கூட்டிப்போங்கள், நாயை அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

இன்னொன்று, சாப்பாட்டு மேசை. இந்த ஜாதியில் நிறைய நாய்களுக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு பிறவியிலேயே கூடும் இயல்பு உண்டு. வயது ஏற ஏற அதுவும் ஏறும். கணைய அழற்சி இவற்றுக்கு அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டி பாசத்தோடு போடும் பொரித்த துண்டும் பையன் கீழே தள்ளிவிடும் சீஸும் மற்ற நாய்களுக்கு வயிற்றுக் கோளாறோடு போகலாம், ஷ்னாசரை மருத்துவமனையில் படுக்க வைக்கலாம். விடாத வாந்தி, சாப்பிட மறுப்பது, முன்னங்கால்களைத் தரையில் படியவைத்துப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்பது ஆகியவற்றைப் பார்த்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் இவையெல்லாம் எந்த நாய்க்கும் விஷம். சிறுநீர்ப்பைக் கல், சர்க்கரை நோய், கண்புரை ஆகியவையும் இந்த ஜாதியில் சற்று அதிகம். வருடாந்திரப் பரிசோதனையை விடாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பரபரப்பான வீட்டுக்கு ஆகாது என்று முடிப்பேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் வரும் ஷ்னாசர்களில் சிக்கே இல்லாத ஒன்று, மூன்று பிள்ளைகள் உள்ள, எந்நேரமும் யாராவது செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டிலிருந்துதான் வருகிறது. அங்கே தாத்தா டிவியில் செய்தி பார்க்கும் நேரம் சீவும் நேரம். காலை நடை அப்பாவுடையது, மாலை நடை மூத்த பெண்ணுடையது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அமைதியான, ஆள் நடமாட்டம் குறைந்த வீடுகளிலிருந்துதான் சில சமயம் சடை பிடித்த நாய்கள் வருகின்றன, 'நீ பார்த்துப்பேனு நினைச்சேன்' என்ற சண்டையோடு.

சரி, என் தீர்ப்பு இதுதான். குட்டி இப்போது வேண்டாம். மாமியார் மனதாரச் சம்மதித்தால் மூன்று, நான்கு வயதான, வீட்டுப் பழக்கம் வந்த ஷ்னாசரைத் தேடுங்கள். வளர்த்தவர்களால் வைத்துக்கொள்ள முடியாமல் வேறு வீடு தேடும் நாய்கள் எப்போதும் உண்டு. அவற்றின் குணத்தையும் உடல்நிலையையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், உங்கள் பிள்ளைகளோடு பழகவிட்டும் பார்க்கலாம். காலை நடையைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். நடுப்பகலில் ஒருமுறை வெளியே கூட்டிப்போகக் கூலிக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அந்த வேலை மாமியாருடையது இல்லை என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, மகன் ஏழெட்டு வயதானதும் மறுபடி எடுங்கள். மகள் அழுவாள். அழட்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு நாய் அலர்ஜி. முடி கொட்டாத ஜாதி என்பதால் ஷ்னாசர் வளர்க்கலாம் என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அலர்ஜி முடியால் வருவதில்லை. நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்களால் வருவது, அவை எல்லா நாய்க்கும் உண்டு. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நாய் வளர்க்கும் வீடுகளின் தூசியை எடுத்து அளந்தார்கள். 'அலர்ஜி தராத ஜாதி' என்று சொல்லப்படும் நாய்கள் இருந்த வீடுகளிலும் மற்ற வீடுகளிலும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு நாய்க்கு ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். நீங்கள் வாங்க நினைக்கும் அதே நாயோடு அப்பா பல நாள் சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் என்றால் இந்தச் சோதனையையும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: 'டீகப் ஷ்னாசர், அபூர்வ மெர்ல் நிறம்' என்று விளம்பரம் பார்த்தேன். விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?

பதில்: டீகப் என்று ஒரு ஷ்னாசர் இல்லை. மினியேச்சர், ஸ்டாண்டர்டு, ஜயன்ட், இந்த மூன்றுதான். அளவில் வளராத குட்டிகளைத் தேடிப்பிடித்து இனப்பெருக்கம் செய்து அந்தப் பெயரில் விற்கிறார்கள். நாய்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. ஏற்கும் நிறங்கள் நான்கு: மிளகும் உப்பும் கலந்த சாம்பல், கறுப்பு, கறுப்பு-வெள்ளி, வெள்ளை. திட்டுத் திட்டாக நிறம் வெளிறிய மெர்ல் அதில் இல்லை. பெற்றோர் இரண்டும் மெர்லாக இருந்தால் குட்டிகள் காது கேளாமலும் கண் தெரியாமலும் பிறக்கக்கூடும். இரண்டு மடங்கு கொடுத்து அதை ஏன் வாங்க வேண்டும்? யாரிடம் வாங்கினாலும் குட்டி பிறந்த இடத்தில் தாயோடு சேர்த்துப் பாருங்கள். பெற்றோருக்குக் கண் பரிசோதனை செய்த சான்றைக் கேளுங்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆணா, பெண்ணா, எது நல்லது?

பதில்: குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண் சிறுநீர் கழிக்கும்போது வயிற்று முடியும் நனையும். சீப்பு பிடிப்பவருக்கு அது ஒரு கூடுதல் வேலை.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே ஹாம்ஸ்டர் இருக்கிறது. ஷ்னாசரோடு பழக்கிவிடலாமா?

பதில்: ஹாம்ஸ்டரும் எலி மாதிரிதான். எலி பிடிப்பதற்கென்றே உருவாக்கிய ஜாதியிடம் போய் இதைக் கேட்கிறீர்களே. தனி அறை, மூடிய கதவு. பழக்கும் முயற்சியே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஷ்னாசரின் முதுகில், தண்டுவடத்தை ஒட்டி, கருந்தலைப் பரு மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் தட்டுப்படுகின்றன. அழுக்கா?

பதில்: அழுக்கு இல்லை. முடி வேர்க்குழிகள் அடைத்துக்கொண்டு வருவது, இந்த ஜாதிக்கே உரிய ஒரு தோல் கோளாறு. ஷ்னாசர்காரர்கள் 'ஷ்னாசர் பம்ப்ஸ்' என்பார்கள். பெரும்பாலும் தொந்தரவு தராது, ஆனால் கிள்ளினாலோ பிதுக்கினாலோ புண்ணாகிச் சீழ் வைக்கும். டாக்டரிடம் காட்டி ஏற்ற ஷாம்பூவை எழுதி வாங்குங்கள். அடுத்த டிரிம்முக்குக் கொண்டுபோகும்போது குரூமரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் பிளேடை ஓட்டினால் அவை வெட்டுப்பட்டு ரத்தம் வரும்.